பொருட்காட்சிக்குப் போன கொங்காணி

எண்பதுகளின் தொடக்கத்தில், போடிநாயக்கனூரில் ஒரு குடும்பம் மதுரைச் சித்திரைப் பொருட்காட்சிக்குக் கிளம்புகிறதென்றால் முதலில் போவது ரயில் நிலையத்துக்கு இல்லை, சுப்புத்தாய் வீட்டுக்கு. ஜோசியரிடம் நாள் குறிக்கப் போகிற மாதிரி வெற்றிலை பாக்கோடு வந்தவர்களும் உண்டு. சுப்புத்தாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே விசாரிப்பாள். "மொத்தம் எத்தனை உருப்படி? கைப்பிள்ளை உண்டா? தலை சுத்துற ஆளு யாரு?" இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லாதவர்களுக்கு அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பெயராது.

பதில் சொன்னவர்களுக்கு மடை திறந்துவிடும்.

"ஞாயித்துக்கெழம போகாதீக. அன்னைக்கு மதுரைக்காரவுகளே வருவாக, நமக்கு நிக்க எடம் இருக்காது. ரயிலுல இஞ்சினை ஒட்டுன பெட்டியில ஏறாதீக. கரி கண்ணுல விழுந்துச்சுன்னா பிள்ளை பொருட்காட்சி பூராத்தையும் ஒத்தக் கண்ணாலதான் பாக்கும். புதுச் செருப்பு மாட்டிவிடாதீக, கடிச்சு வச்சிரும். ராட்டினம் சுத்திட்டுச் சோறு தின்னுங்க, சோத்தத் தின்னுட்டுச் சுத்தாதீக. உள்ள நுழைஞ்சதும் எங்கயும் நிக்காம கடைசிக் கோடிக்குப் போயிருங்க. அங்கயிருந்து வாசலப் பாத்துத் திரும்பி வாங்க. சாமான் வாங்குறதெல்லாம் வாசக்கிட்ட வந்த பெறகுதான்."

இத்தனையையும் கேட்டுக்கொள்வார்கள். கடைசியாக ஒன்று சொல்வாள்.

"எல்லாருக்கும் தூரத்துலயே தெரியுற மாதிரி ஏதாச்சும் ஒண்ணக் கொண்டுபோங்க. வெக்கப்படாதீக."

இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். சுப்புத்தாய்க்கு அதில் கொஞ்சம் கோபம்தான். மற்றதெல்லாம் யாரோ வாந்தி எடுத்தும் கால் வெந்தும் படித்தது. இந்த ஒன்று அவள் மகளுக்காக, மதுரையே சிரித்தபோதும் தலையிலிருந்து இறக்காமல் சுமந்து சம்பாதித்தது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மிதப்புத் தெரியும். தெரியட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று? இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சுப்புத்தாயின் புருஷன் சுருளி ஜீப் ஓட்டி. விடிந்தால் போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் மெட்டுக்கு ஏறுவான், சாயங்காலம் ஆட்களையும் ஏலக்காய் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு இறங்குவான். சுப்புத்தாய் அதே மலையில் ஏலக்காட்டில் காய் எடுப்பவள். அவர்களுக்கு ஒரே மகள், வீரலட்சுமி. அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை.

ஏலக்காட்டில் அது சாதாரணக் குறை இல்லை. ஏலச்செடி ஆளை விட உயரமாக வளரும், காய் மட்டும் தூரில் மண்ணோடு கிடக்கும். காய் எடுக்கிறவள் குனிந்து உட்கார்ந்துவிட்டால் பக்கத்து நிரையில் இருப்பவளுக்குக்கூடத் தெரியமாட்டாள். பனியும் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் பெண்கள் குரல் கொடுத்துக்கொண்டேதான் வேலை செய்வார்கள். ஒருத்தி "ஓய்" என்றால் அடுத்தவள் "ஓய்" என்பாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் தாய் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் வந்து சேரும்.

வீரலட்சுமிக்கு எந்தக் குரலைப் பிடிப்பது? சுப்புத்தாய் யோசித்தாள். மழைக்கும் பனிக்கும் எல்லாப் பெண்களும் தலையில் கொங்காணி போட்டிருப்பார்கள். சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அதுதான் கொங்காணி. எல்லாம் ஒரே சாக்கு நிறம். சுப்புத்தாய் தன் பழைய மஞ்சள் சேலையின் முந்தானையைக் கிழித்து, கொங்காணியின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தைத்தாள். மகளுக்கு ஒரு பழக்கமும் ஏற்படுத்தினாள். ஆத்தாளைக் காணோமென்றால் அழுதுகொண்டு ஓடக் கூடாது, பக்கத்தில் இருக்கிற பாறை மேல் ஏறிச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆத்தாளும் எங்காவது மேட்டில் ஏறி அந்த மஞ்சளை ஆட்டுவாள். மூன்று வயதில் பழகியது. ஒரு நாள்கூட அந்தப் பிள்ளை தாயைத் தவறவிட்டதில்லை. பச்சைக் காட்டுக்குள் யார் எங்கே போகிறார்கள் என்று நடையை வைத்தே கண்டுபிடிக்கும் கண் அதற்கு வாய்த்திருந்தது.

ஊருக்கு இறங்கிவிட்டால் மட்டும் வீரலட்சுமிக்கு வீடுதான் கதி. காரணம், சுருளியின் அண்ணன் காசிராஜன். ராசிங்காபுரத்தில் கிணறும் தோட்டமுமாக இருப்பவர். தகப்பன் போன பிறகு அவர் வைத்ததுதான் இரண்டு வீட்டுக்கும் சட்டம். கெட்ட மனிதர் இல்லை. காய்ச்சல் என்றால் முதலில் ஓடிவருவதும் அவர்தான். ஆனால் கூட்டம் என்றால் அவருக்கு உள்ளுக்குள் நடுக்கம். சின்ன வயதில் வீரபாண்டித் திருவிழாவில் ஒரு நாள் முழுக்கத் தொலைந்துபோய்க் கிடந்தவர். அந்தப் பயத்தை அவர் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்காத பிள்ளையைக் கல்யாணம் காட்சிக்குக் கூட்டிவரக் கூடாது என்றுவிட்டார். அதையும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார், சுப்புத்தாயிடம்தான் சொல்வார். கேட்காத பிள்ளையிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் காசிராஜன் தலைமையில்தான் முதல் முறை மதுரைப் பொருட்காட்சிக்குப் போனார்கள். வீரலட்சுமியைப் பக்கத்து வீட்டுச் சோலையம்மாளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பயணத்தின் லட்சணத்தைச் சொல்ல ஒரு நாள் போதாது. போனது ஞாயிற்றுக்கிழமை. காசிராஜனின் மனைவி மொக்கம்மாள் கல்யாணத்துக்கு முன்னால் ஏலக்காட்டில் கை பழகியவள். பழுத்த காயைத் தாண்டிப் போவது அங்கே பாவம், முதல் செடியிலேயே கூடையில் விழ வேண்டும். அந்தப் பழக்கத்தில், வாசலைத் தாண்டியதும் இருந்த முதல் கடையிலேயே ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியை வாங்கிவிட்டாள். பிறகு பொருட்காட்சி முழுவதையும் அதை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பார்த்தாள். பிள்ளை பெற்று எட்டாம் நாள் வந்தவள் போல நடந்தாள் என்று சுருளி இன்றைக்கும் சொல்வான். அதற்கப்புறம் ஓட்டலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, நேராக ராட்சச ராட்டினத்தில் ஏறினார்கள். மொக்கம்மாள் உச்சியில் இருந்தபோது காசிராஜன் அடுத்த தொட்டியில் கீழே இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாடி திரும்பிவரும் வழியில் பஸ்சிலேயே உடைந்தது.

வீடு திரும்பியதும் மொக்கம்மாளின் பையன்கள் இரண்டு பேரும் வீரலட்சுமிக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார்கள். கையை நீட்டிக் காற்றில் பெரிய வட்டம் போட்டு, வானத்தைக் காட்டி, கண்ணை உருட்டினார்கள். அவள் புரிந்துகொண்டாள். ஒரு பெரிய வட்டம் இருக்கிறது, அதில் ஏறினால் பாறையை விட உயரமான இடத்துக்குப் போகலாம், எல்லோரும் போயிருக்கிறார்கள், தான் மட்டும் போகவில்லை. மறுநாள் காலையில் சுப்புத்தாய் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது மகள் எதிரே வந்து நின்றாள். ஒற்றை விரலால் காற்றில் வட்டம் போட்டாள். பிறகு அந்த விரலைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தக் கேள்வியை அவள் ஒரு வருஷம் கேட்டாள். காய் எடுக்கும்போது கேட்டாள், தலை பின்னும்போது கேட்டாள். சுப்புத்தாய் ஒவ்வொரு தடவையும் போகலாம் என்று தலையாட்டினாள்.

அடுத்த பங்குனியில் காசிராஜன் போடிக்கு வந்தபோது சுப்புத்தாய் காப்பியை வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"மாமா, இந்த வருசம் பொருட்காட்சிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். போறது வாறது, தின்கிறது, எல்லாம் ஏம்பொறுப்பு. எம்மகளும் வருவா."

காசிராஜன் டம்ளரைக் கீழே வைத்தார். "வேண்டாந்தாயி. கூப்பிட்டாக் கேக்காத பிள்ளை. போன வருசம் கூட்டத்தப் பாத்தேல்ல? கை நழுவுச்சுன்னா எங்கிட்டுன்னு தேடுறது?"

"அவ வரலைன்னா நானும் வரல மாமா. யாரும் போக வேண்டாம்."

அவள் அப்படி எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. சுருளி ஜீப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டு மெல்ல வெளியே நழுவினான். காசிராஜன் கொஞ்ச நேரம் துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"சரி, கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணு. நம்ம கூட்டத்துல ஒரு உசுரு தொலைஞ்சாலும், அது யாரா இருந்தாலும் சரி, அத்தோட பொருட்காட்சியத் தலமுழுகிரணும். இந்தப் பிள்ளையையும் அதுக்கப்புறம் நாலு பேரு கூடுற எடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. கல்யாணமும் இல்ல, திருவிழாவும் இல்ல. சம்மதமா?"

"சம்மதம் மாமா."

சொல்லிவிட்டாளே தவிர அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் நடந்த ஒவ்வொரு கூத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எங்கே கூட்டம் நெருக்கியது, எங்கே பையன்கள் கையை உதறினார்கள், எப்போது மொக்கம்மாளுக்கு முகம் வெளுத்தது என்று யோசித்து யோசித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வைத்தாள். நான் முதலில் சொன்ன சட்டங்கள் எல்லாம் அந்தச் சில வாரங்களில் பிறந்தவைதான்.

சித்திரையில் ஏலக்காட்டில் காய் எடுப்பு இல்லை. ஒரு புதன்கிழமை காலையில் எல்லோரும் போடி ரயிலில் ஏறினார்கள். புளிச்சோறு, கூஜாவில் தண்ணீர், பையன்களுக்குப் பழைய செருப்பு. காசிராஜன் வந்ததும் முதலில் பார்த்தது சுப்புத்தாயின் கட்டைப் பையிலிருந்து எட்டிப்பார்த்த சாக்கைத்தான்.

"ஏந்தாயி, மதுரைக்குக் கொங்காணியா? எஸ்டேட்டுக்காரின்னு போர்டு மாட்டிக்கிட்டு வரணுமாக்கும்?"

"எம்மகளுக்கு அடையாளம் மாமா."

"வெயிலு மண்டையப் பொளக்குது. சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமா. சிரிக்கிறவுக யாரும் எம்மகளத் தேடித் தரமாட்டாக."

காசிராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியும் திரும்பவில்லை.

பொருட்காட்சி வாசலில் சுப்புத்தாய் கொங்காணியை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள். மதுரைச் சித்திரை வெயிலில், பட்டும் நைலக்சும் கட்டிய பெண்களுக்கு நடுவே, சாக்கு மாட்டிக்கொண்டு ஒருத்தி! ஒரு ஆள் நின்று, "என்னம்மா, மழை வருதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். "வந்தா ஒங்க சட்டைதாண்ணே நனையும்" என்றாள் சுப்புத்தாய். அவனோடு வந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நெற்றியில் வேர்வை ஊற்றியது, சாக்கு கழுத்தை அரித்தது. அவள் இறக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் எல்லோரையும் நிறுத்தி ஒரு குழாயடியைக் காட்டினாள். பக்கத்தில் ஒரு வேப்ப மரம். "யாரு பிரிஞ்சாலும் இந்த எடத்துக்கு வந்து நிக்கணும்." பையன்கள் தலையாட்டினார்கள். வீரலட்சுமி மரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காசிராஜன் மட்டும் டெல்லி அப்பளக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லையாம்.

எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. நேராகக் கடைசிக் கோடிக்குப் போனார்கள். புதன்கிழமை சாயங்காலம் தொடங்குகிற நேரம், ராட்டினத்தில் கூட்டமில்லை. வெறும் வயிற்றோடு ஏறினார்கள். தொட்டி மேலே போகப் போக வீரலட்சுமி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிடப் பார்த்தாள். உச்சியில் ஒரு நிமிஷம் நின்றபோது, அந்தப் பிள்ளையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, கூப்பாடும் இல்லை. சுப்புத்தாய் அதற்கு முன்னால் அப்படி ஒரு சத்தத்தை அவளிடம் கேட்டதில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷத்துக் கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

இறங்கிப் புளிச்சோறு தின்றார்கள். மொக்கம்மாள் ஒரு பருக்கையைக்கூட வெளியே தள்ளவில்லை. போன வருஷத்துச் சட்டையை நினைத்து எல்லோரும் சிரித்தார்கள், காசிராஜனும் மீசைக்குள் சிரித்தார். அந்த நல்ல மனநிலையில்தான் அவர் எழுந்தார்.

"அந்தா விவசாயக் கொட்டகை இருக்கு. புதுசா பம்புசெட்டு வச்சிருக்கானாம். வெரசா ஒரு பார்வை பாத்துட்டு வந்திர்றேன்."

போனார். வரவில்லை.

எப்படியும் குழாயடிக்கு வந்துவிடுவார் என்று, மற்றவர்கள் ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு அதுவரைக்கும் வந்து சேர்ந்தார்கள். விளக்குகள் எரியத் தொடங்கின. வேலை முடிந்த மதுரை சனம் உள்ளே திரண்டு வந்தது. சுருளி விவசாயக் கொட்டகைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே ஒரு வாசலில் நுழைந்தால் இன்னொரு வாசலில்தான் வெளியே விடுகிறார்களாம். காசிராஜன் பின்பக்கம் இறங்கி எங்கேயோ போயிருக்கிறார். "அண்ணே! அண்ணே!" என்று சுருளி கத்தினான். பையன்கள் "அப்பா" என்று கத்தினார்கள். நாலு பக்கமும் ஒலிபெருக்கி. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்கவில்லை. ஓய் என்றால் ஓய் என்று பதில் வர இது ஏலக்காடா?

"மைக்குல பேரச் சொல்லச் சொல்லுவமா?" என்றான் சுருளி.

மொக்கம்மாள் பதறினாள். "ஐயையோ, வேண்டாம் கொழுந்தனாரே. ராசிங்காபுரம் காசிராஜன் காணாமப் போயிட்டாருன்னு மைக்குல சொன்னா, நம்மூரு ஆளு ஒருத்தன் கேட்டாலும் போச்சு. அவரு அப்புறம் ஊருக்குள்ளயே தலகாட்ட மாட்டாரு."

கடைசி போடி பஸ்சுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு உசுரு தொலைஞ்சாலும், அது யாரா இருந்தாலும் சரி. அந்தச் சொல் சுப்புத்தாயின் மண்டைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. தொலைந்தவர் யார் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் பொறுப்பில் வந்த பயணம், ஒரு ஆள் குறைகிறது. இனிமேல் வீரலட்சுமி கல்யாண வீட்டையும் பார்க்கமாட்டாள், தேரையும் பார்க்கமாட்டாள். வீட்டு ஜன்னல்தான்.

அந்த நேரத்தில்தான் மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள். திரும்பினால், காற்றில் விரலால் வட்டம்.

சுப்புத்தாய்க்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "இப்பவாடி ராட்டினம் கேக்குற?" என்று மகளின் கையைத் தட்டிவிட்டாள். வீரலட்சுமி அழவில்லை. மறுபடி வட்டம் போட்டாள். ஆனால் விரலை நெஞ்சில் வைக்கவில்லை. எட்டி, தாயின் தலையிலிருந்த கொங்காணியின் மஞ்சளைத் தொட்டாள். பிறகு தன் கண்ணைத் தொட்டாள்.

சுப்புத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. பாறை! ஆளைக் காணோமென்றால் உயரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். தான் சொல்லிக்கொடுத்ததைத் தானே மறந்துவிட்டு, காது கேட்கிறவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டு நின்றிருக்கிறாளே.

"அக்கா, நீங்க பிள்ளைகளோட இந்த மரத்தடிய விட்டு அசையாதீக" என்று மொக்கம்மாளிடம் சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு கடைசிக் கோடிக்கு ஓடினாள்.

ராட்டினம் மேலே ஏறியது. சுப்புத்தாய்க்குக் கீழே தெரிந்ததெல்லாம் தலை, தலை, தலைதான். எல்லாத் தலையும் ஒன்று போலவே இருந்தது. வீரலட்சுமி அவசரப்படவில்லை. காட்டில் பார்ப்பது போலவே, ஒரு ஓரத்தில் தொடங்கி நிரை நிரையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் உச்சியைத் தாண்டும்போது தாயின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். விரல் நேராக ஓர் இடத்தைக் காட்டியது. வேலியோரம், ஒரு வளையல் கடைக்குப் பின்னால், ஒரு ஆள் இந்தப் பக்கம் பத்தடி நடந்து, நின்று, திரும்பி அந்தப் பக்கம் பத்தடி நடந்துகொண்டிருந்தார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். தோட்டத்து வரப்பில் காசிராஜன் நடக்கிற அதே நடை.

"மாமா!" என்று சுப்புத்தாய் வாய் விட்டுக் கத்தினாள். யாருக்குக் கேட்கும்? வீரலட்சுமி கத்துகிற ஜாதியா? தாயின் தலையிலிருந்து கொங்காணியை உருவினாள். மஞ்சள் பக்கம் மேலே வரும்படி பிடித்துக்கொண்டு, தொட்டி உச்சிக்கு வந்தபோது தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். ராட்டினத்து விளக்கெல்லாம் அந்த மஞ்சளில் அடித்தது. தொட்டி கீழே இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி ஆட்டினாள். கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். வளையல் கடைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தவரும் நின்றார். நிமிர்ந்தார்.

காலையில் அவர் கேலி செய்த அந்தச் சாக்கு, மதுரை வானத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

ராட்டினம் நின்று இவர்கள் இறங்குவதற்குள் காசிராஜன் கீழே வந்து நின்றுவிட்டார். கண் சிவந்திருந்தது. திருவிழாவில் தொலைந்த அந்தச் சின்னப் பையனின் முகம் மீசைக்கு மேலே அப்படியே தெரிந்தது. சுப்புத்தாய் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துகொண்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எல்லாரும் எங்கிட்டுப் போயிட்டீக? ஒரு எடத்துல நிக்க மாட்டீகளா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா மாமா. நாங்கதான் தொலைஞ்சு போயிட்டோம்" என்றாள்.

மரத்தடியில் மொக்கம்மாள் புருஷனைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சுருளிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டானே. "அண்ணே, ஒரு உசுரு தொலைஞ்சாலும்னு சொன்னீகளே..." என்று இழுத்தான்.

"தொலைஞ்சாத்தானடா? நாந்தான் முழுசா நிக்கிறேன்ல. நடடா, பஸ்சப் புடிக்கணும்."

கடைசி பஸ்சில் இடம் கிடைத்தது. உசிலம்பட்டி வருவதற்குள் வீரலட்சுமி தூங்கிவிட்டாள். தலை சாய்ந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் தோளில். அவர் போடி வரும் வரைக்கும் அந்தத் தோளை அசைக்கவில்லை. ஆனால் பந்தயத்தில் சுப்புத்தாய் ஜெயித்தாளா தோற்றாளா என்று அவர் வாயிலிருந்து தீர்ப்பே வரவில்லை.

விஷயம் ஊருக்குள் பரவாமல் இருக்குமா? சுருளியின் ஜீப்பில் மலை ஏறியவர்கள் எல்லோருக்கும் முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் கதை முழுதாகக் கிடைத்தது. ஏலக்காட்டுப் பெண்கள் சுப்புத்தாயின் கொங்காணியை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அந்தப் பருவத்தில் பல கொங்காணிகளின் உச்சியில் சிவப்பும் ஊதாவும் பச்சையுமாகத் துணி முளைத்தது. சுப்புத்தாய் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, உள்ளுக்குள் அவளுக்குத் தலை கால் புரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ராத்திரியும் மகளுக்குப் போர்த்திவிடும்போது அந்தப் பழைய கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் மனதில் என்ன இருக்கிறதோ? வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. போய்க் கேட்கவும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் படிக்கிற பிள்ளை, அந்த வருஷம் வட்டம் போட்டுக் கேட்கவே இல்லை.

பங்குனி பிறந்தது. ஒரு காலை நேரம் காசிராஜன் ராசிங்காபுரத்திலிருந்து வந்தார். கையில் தோட்டத்துத் தேங்காய். சுப்புத்தாய் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க மாமா" என்றாள். அவர் அவளைத் தாண்டிப் போனார். நிலைப்படியில் உட்கார்ந்து காலுக்குச் சலங்கை மாதிரி காட்டுக் கொட்டைகளைக் கோத்துக்கொண்டிருந்த வீரலட்சுமியின் முன்னால் போய் நின்றார். நிழல் விழுந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் தேங்காயைக் கீழே வைத்தார். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பிள்ளையிடமே நேராகப் பேசினார். வேட்டியில் துடைத்த ஒற்றை விரலை நீட்டி, காற்றில், கொஞ்சம் கோணலாக, ஒரு பெரிய வட்டம் போட்டார். விரலை அவளை நோக்கிக் காட்டினார். அப்புறம் தன் நெஞ்சில் வைத்தார்.

வீரலட்சுமி உள்ளே ஓடினாள். கொங்காணியை எடுத்துவந்து, அவர் தலையில் மாட்டிவிட்டாள்.